ரீல் கடைசியில் ஏறட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நாராயணவனத்து வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய எட்டு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஓட மறுக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். பிளக்கைச் சொருகியதும் உறுமல் மட்டும் வந்தது, எதுவும் சுற்றவில்லை, உடனே நிறுத்திவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். நிறுத்தியது நல்லது. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருக்கும் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது: ரீலை மாட்டி ஓட்டிப் பார்த்தால் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடாதா? தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துகொள்ள நீ கொடுக்கும் விலை அந்த ரீலாகவே இருக்கும். ஆகவே இந்தக் கடிதத்தில் ஒன்றைத்தான் வற்புறுத்தப் போகிறேன். பழைய புரொஜெக்டரைப் பழுது பார்க்கும்போது வீட்டு ரீல் கடைசியில்தான் ஏற வேண்டும். கருவியிடம் கேட்க வேண்டிய அத்தனை கேள்விகளையும் அந்த ரீல் இல்லாமலே கேட்டு முடித்துவிடலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று நினைப்பாய். கொட்டகைக்கு வந்த சினிமாவுக்கு நெகட்டிவ் என்று ஒன்று லேபில் இருந்தது. அதிலிருந்து பல பிரதிகள் போட்டார்கள். ஒன்று கிழிந்தால் இன்னொன்று. வீட்டுப் படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1932-இல் கோடக் கம்பெனி கொண்டுவந்த எட்டு மில்லிமீட்டரும், 1965-இல் வந்த சூப்பர் எட்டும் பெரும்பாலும் ரிவர்சல் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. கேமராவுக்குள் எந்தச் சுருளில் வெளிச்சம் பட்டதோ, அதையே கழுவி, அதையே நேர்ப்படமாக்கி, அதையே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். உன் கையில் இருக்கும் ரீலுக்கு மூலமும் அதுதான், பிரதியும் அதுதான். பல பிரதிகள் இருந்த படங்களுக்கே நம் ஊர்ப்பக்கம் என்ன கதி ஆனது என்று யோசித்துப் பார். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம், ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. தமிழ் பேசிய முதல் படமான 1931-ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படமும் அப்படியே போய்விட்டது. ஒற்றைப் பிரதியாகவே பிறந்த ஒரு சுருளை, உறுமும் கருவியில் சோதனைக்கு மாட்டுவது எப்படிச் சரியாகும்?

“அது சினிமா, இது யாரோ வீட்டுக் கல்யாணம்தானே” என்று சொல்பவர்கள் உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் கென்னடி சுடப்பட்டதை முழுமையாகக் காட்டும் படம் எது? ஆப்ரகாம் ஜாப்ருடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர், பெல் அண்ட் ஹொவெல் கம்பெனியின் வீட்டுக் கேமராவில் எடுத்த எட்டு மில்லிமீட்டர் படம். மொத்தம் 486 சட்டகங்கள். 27 நொடிகூட ஓடாது. அமெரிக்க அரசின் புலனாய்வாளர்கள் அந்தக் கேமரா நொடிக்கு 18.3 சட்டகம் என்ற வேகத்தில் ஓடியது என்று அளந்து, அதையே கடிகாரமாக வைத்துக்கொண்டு குண்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார்கள். அவ்வளவு மதிப்பு வாய்ந்த அந்த மூலச் சுருளிலும், கையாண்டவர்களின் கையில் சில சட்டகங்கள் சேதமாகி வெட்டி ஒட்டப்பட்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம், இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப் படங்களைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. இன்று வரலாற்றாசிரியர்கள் சான்றுக்காக அவற்றைப் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுப் படம் சான்றாகும் என்றால், கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயில் வாசலையோ தறி ஓடும் தெருவையோ உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்திருந்தால் அது ஏன் ஆகாது? உன் ரீலில் என்ன இருக்கிறது என்று இன்னும் நீ பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை மதிப்பில்லாதது என்று முடிவு கட்டக் கூடாது.

இனி கருவிக்கு வருவோம். எட்டு மில்லிமீட்டர் புரொஜெக்டர் செய்வதெல்லாம் ஒரு வேலை: ஒரு சட்டகத்தை விளக்குக்கு முன்னால் இழுத்து நிறுத்துவது, வெளிச்சத்தை விடுவது, மறைப்பது, அடுத்ததை இழுப்பது. இழுப்பது ‘கிளா’ என்கிற சின்னக் கொக்கி. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் கருவிக்கு இந்த ஏற்பாட்டைத் தையல் மிஷினிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகைப் புரொஜெக்டரில் இந்த வேலையைச் செய்வது வேறொரு சக்கரம். வீட்டுக் கருவியில் கடைசிவரை கொக்கிதான். உன் ஊரில் தறி பார்த்திருப்பாய். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி திறந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் நாடா பாய வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் இழை அறும். இங்கேயும் அதே கணக்கு: ஷட்டர் தகடு வெளிச்சத்தை மறைத்திருக்கும் கணத்தில்தான் கொக்கி ஃபிலிமை இழுக்க வேண்டும். சூப்பர் எட்டில் இது நொடிக்கு 18 முறை நடக்கிறது. ஐம்பது அடி ரீலில் 3,600 சட்டகங்கள்; 3 நிமிடம் 20 நொடி ஓடி முடிவதற்குள் கொக்கி 3,600 முறை ஃபிலிமின் துளைக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஒரு துளை கிழிந்தால் அடுத்ததும் கிழியக் காத்திருக்கிறது. கொக்கி தேய்ந்திருக்கிறதா, சட்டகம் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும் ‘கேட்’ என்ற இடத்தில் கசடு ஒட்டியிருக்கிறதா என்பதை எல்லாம் உன் ரீலை வைத்துச் சோதிக்காதே என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த 3,600 என்ற எண்தான்.

முதல் சோதனைக்கு மின்சாரமே வேண்டாம். கருவியின் பின்பக்கத் தகட்டைப் படி. 110 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் அது அமெரிக்காவுக்காகச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் விளக்கு ஒரு நொடியில் போய்விடும், மோட்டாரும் தாங்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கலாம். ஆனால் அது வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். 18 சட்டகம் 15 ஆகிவிடும், வெளிச்சம் மின்னி மின்னிக் கண்ணை உறுத்தும். கருவியில் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. கோளாறு கருவியில் இல்லை. கார்பன் பிரஷ் வைத்த மோட்டாராக இருந்தால் இந்தத் தொல்லை வராது.

பிறகு, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையால் சுற்றும் குமிழ் இருந்தால் மெல்லச் சுற்று. நீ கேட்ட உறுமலுக்கு இங்கே பதில் கிடைக்கும். இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் உறுமல் மட்டும் என்றால் சந்தேகம் மின் பக்கம் போகிறது: பெரும்பாலும் கண்டன்சர் செத்திருக்கும். புத்தூரிலோ நகரியிலோ மோட்டார் வைண்டிங் கடைக்காரர் ஃபேனுக்கு மாற்றுவதுபோல அதை மாற்றித் தருவார். மதிப்பும் வோல்ட்டும் பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல். கையாலும் சுற்ற முடியாமல் இறுகியிருந்தால் மின்சாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். பல வருஷம் சும்மா கிடந்ததில் கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கிறது. பெல்ட் இருக்கும் கருவி என்றால் அதையும் பார்த்துவிடு. சில கருவிகளில் ரப்பர் வெடித்திருக்கும், சிலவற்றில் தாராக இளகி ஒட்டியிருக்கும். சைனான், எல்மோ, யூமிக் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும், ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் இந்தக் கருவிகளில் அதிகம்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும்: “இறுகியிருந்தால் எண்ணெய் விட்டால் போயிற்று, எதற்கு இத்தனை ஆராய்ச்சி?” எண்ணெய் விடுவதுதான் நான் பார்க்கும் தவறுகளிலேயே மோசமானது. உறைந்த கிரீஸ் மேல் புது எண்ணெய் விட்டால் அன்றைக்கு ஓடும். அந்த எண்ணெய் பழைய கிரீஸில் சிக்கியிருக்கும் தூசியைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் புஷ்ஷுக்குள் இறக்கும். கொஞ்சம் பெல்ட் மேல் படும், பெல்ட் வழுக்கும். கொஞ்சம் கேட் பக்கம் வடியும், அங்கிருந்து ஃபிலிமில் ஏறும், விளக்குச் சூட்டில் கறையாகும். தேங்காய் எண்ணெய் என்றால் இன்னும் மோசம். குளிரில் உறைந்துவிடும். முதலில் பழையதைத் துணியாலும் குச்சியில் சுற்றிய பஞ்சாலும் துடைத்து எடு; ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக்கொள், பெயிண்டும் பிளாஸ்டிக்கும் கெடுகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு. அதற்குப் பிறகுதான் உலோகம் உலோகத்தில் சுற்றும் இடத்தில் தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு.

மோட்டார் ஓடத் தொடங்கியதும், விளக்கை எரிய விடுவதற்கு முன், குளிர்விக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று காற்று வரும் வாயில் கை வைத்துப் பார். ஃபேன் நின்ற கருவியில் விளக்கு போட்டால் விளக்கும் போகும், கேட்டில் இருக்கும் எதுவும் போகும். எரியாத விளக்கை மல்டிமீட்டரால் சோதித்தால் இழை அறுந்ததா இல்லையா என்று உடனே தெரியும். இழை நன்றாக இருந்தும் எரியாவிட்டால் சாக்கெட்டின் முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். புதிய ஹாலஜன் பல்பைத் துணியால் பிடித்து மாட்டு. விரல் எண்ணெய் படிந்த இடத்தில் கண்ணாடி சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் பல்புக்குப் பதில் கையில் கிடைத்த 24 வோல்ட் பல்பை மாட்டுவது போன்ற சமாளிப்பு வேண்டாம். தீப்பிடிக்குமோ என்று வீட்டில் பயந்தால், எட்டு மில்லிமீட்டர் ஃபிலிம் பாதுகாப்பு வகையில் மட்டுமே செய்யப்பட்டது என்று சொல். கொட்டகைகளை எரித்த நைட்ரேட் அது இல்லை. வீடு எரியாது. ஆனால் கேட்டில் நின்றுபோன சட்டகம் பழுப்பாகிக் கொப்புளித்து உருகும், அதை யாராலும் திருப்ப முடியாது.

இப்போது ரீலைத் தனியாக மேஜை மேல் எடுத்து வை. இன்னும் கருவிக்குள் போக வேண்டாம். எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும்: பழைய எட்டு மில்லிமீட்டரில் துளைகள் பெரிதாக, சட்டகங்களுக்கு இடைக்கோட்டில் இருக்கும், ஸ்பூலின் நடுத்துளை சிறியது; சூப்பர் எட்டில் துளைகள் சிறிதாக, சட்டகத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும், ஸ்பூலின் நடுத்துளை அரை அங்குலம். ஒன்றுக்கான கருவியில் மற்றதை ஓட்டினால் கொக்கி துளையில்லாத இடத்தில் குத்தும். அடுத்து மோந்து பார். வினிகர் வாடை வந்தால் அசிடேட் சிதைகிறது என்று பொருள். 1948-இல் ட்ரைஅசிடேட் ஃபிலிம் வந்த பத்தாண்டுகளுக்குள் இந்தச் சிதைவைப் பற்றிய முதல் புகார் கோடக் கம்பெனிக்குப் போனது இந்திய அரசிடமிருந்துதான். வெக்கையும் ஈரமும் சேர்ந்த கிடங்குகளில் இருந்த சுருள்கள் அவை. சித்திரையில் கொதித்து ஐப்பசியில் நனையும் உன் ஊர்ப் பரண் அந்தக் கிடங்குகளைவிட நல்ல இடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாடை இல்லாவிட்டாலும் ஃபிலிம் சுருங்கியிருக்கலாம். அதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, பள்ளிக்கூட அடிக்குச்சி போதும். பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு துண்டைச் சமமாக விரித்து, ஒரு துளையின் மேல் விளிம்பில் சுழியத்தை வைத்து, அங்கிருந்து ஐம்பதாவது துளையின் அதே விளிம்பு எங்கே விழுகிறது என்று பார். பழைய எட்டு மில்லிமீட்டரில் இரண்டு துளைகளுக்கு இடைத்தூரம் 3.81 மில்லிமீட்டர், ஐம்பதுக்கு 190.5 வர வேண்டும். சூப்பர் எட்டில் 211.7. ஒரு சதவீதம் சுருங்கினால் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த அளவை நெருங்கிய சுருள் எந்தப் புரொஜெக்டரிலும் ஏறக் கூடாது. உன் கருவி தேர்ச் சக்கரம்போல ஓடினாலும் சரி, அந்த ரீலுக்கு அது எமன்.

சுருளும் கருவியும் தனித்தனியாகத் தேறிவிட்டால், நடுவில் ஒரு படி இருக்கிறது. யாருக்கும் வேண்டாத ரீல் ஒன்று, பழைய பொருள் கடையில் கிடைக்கும் கார்ட்டூன் துண்டு போதும், அதை ஓட்டு. இங்கே திரையே உனக்குப் பேசும், கேட்கத் தெரிந்தால். படம் ஆடுகிறது என்று வைத்துக்கொள். சட்டகத்தின் அகலம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் அகலத் திரையில் அது இருநூறு மடங்கு. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு ஆட்டம் திரையில் ஒரு சென்டிமீட்டராகத் தெரியும். அதனால் ஆட்டத்தைக் கண்டதும் ஸ்குரூ டிரைவரைத் தேடாதே. எது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்று பார். வெளிச்சச் சதுரத்தின் கறுப்பு ஓரம், அதாவது கேட்டின் விளிம்பு, அதுவும் சேர்ந்து ஆடினால் ஃபிலிமில் குற்றமில்லை, மேஜையோ கருவியின் காலோ ஆடுகிறது. ஓரம் அசையாமல் இருந்தால், ஃபிரேமிங் குமிழைத் திருப்பி இரண்டு சட்டகங்களுக்கு இடைப்பட்ட கோட்டைத் திரைக்குள் கொண்டு வா. கோடு குதித்தால் கொக்கியிலோ அழுத்தும் தகட்டிலோ துளையிலோ கோளாறு. ஓரமும் அசையவில்லை, கோடும் அசையவில்லை, காட்சி மட்டும் ஆடுகிறது என்றால் படம் எடுத்தவர் கை நடுங்கியிருக்கிறது. அதை நீ சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் கூடாது.

இதே கண்ணோடு மற்றதையும் பார். ஒரு முடி திரையில் ஒரே இடத்தில் நின்றால் அது கேட்டில் இருக்கிறது. வந்து மறைந்தால் ஃபிலிமில். வெள்ளை எழுத்திலிருந்தோ விளக்கிலிருந்தோ மேலாகவோ கீழாகவோ வால் நீண்டால், கொக்கி இழுத்து முடிப்பதற்குள் ஷட்டர் திறக்கிறது, அல்லது மூடுவதற்கு முன்பே கொக்கி இழுக்கத் தொடங்கிவிடுகிறது. படம் திடீரென்று மொத்தமாக மழுங்கித் துள்ளினால் லூப் போய்விட்டது. பல்சக்கரம் நிற்காமல் ஓடுகிறது, கொக்கி விட்டு விட்டு இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஃபிலிம் தளர்வாக வளைந்து நின்றால்தான் ஒன்று மற்றதைக் கிழிக்காது. லூப் ஒருமுறை போனால் திரும்ப விட்டுக்கொள்ளலாம்; அடிக்கடி போனால் நிறுத்து. வேண்டாத ரீல் ஓடி முடிந்ததும் அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்: புதிதாக நீளக் கோடு விழுந்திருந்தால் கேட்டில் எங்கோ கசடு கல்லாகி இருக்கிறது. மரக் குச்சியால் சுரண்டு, இரும்பால் வேண்டாம். மறுபடி அதே ரீலை ஓட்டு.

“இத்தனை பாடு எதற்கு, நேரே கொடுத்து ஸ்கேன் செய்துவிடலாமே?” என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பாதிக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். சுருங்கிய ரீலுக்கும் வாடை அடிக்கும் ரீலுக்கும் அதுதான் வழி. கொக்கி இல்லாமல் உருளைகளில் நகர்த்தி ஸ்கேன் செய்யும் இயந்திரங்கள் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ரீலைக்கூட முதலில் ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு ஓட்டுவது இன்னும் உத்தமம். ஆனால் மலிவு விலையில் வரும் வீட்டு ஸ்கேனர்கள் பலவற்றில் உள்ளே இருப்பதும் ஒரு கொக்கிதான். ஃபிலிமை அளந்து பார்க்காமல் அதில் விட்டாலும் கதை ஒன்றே. மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2017-இல் சென்னையிலும் 2019-இல் ஐதராபாத்திலும் ஃபிலிம் பாதுகாப்புப் பயிலரங்குகளை நடத்தியது. இந்தத் துறையில் யாரும் ஃபிலிமை முதலில் இயந்திரத்தில் வைப்பதில்லை. மேஜையில், கையால், அடி அடியாகப் பார்க்கிறார்கள். ஸ்கேன் செய்தாலும் புரொஜெக்டரைப் பழுது பார்த்து வை. ஸ்கேன் ஒரு நகல். ஹார்ட் டிஸ்க் ஐந்து வருஷத்தில் போகலாம். அந்தச் சுருள் நல்ல இடத்தில் இருந்தால் உன் பேரன்வரை இருக்கும், அவனுக்கு அதை வெளிச்சத்தில் காட்ட ஒரு கருவி வேண்டும்.

எல்லாம் தேறிய பிறகு உன் ரீலை ஏற்று. முதல் ஓட்டத்தை ஒருவரையும் கூப்பிடாமல், சுவிட்சின் மேலேயே கை வைத்து, ஃபிலிமைப் பார்த்துக்கொண்டு ஓட்டு. திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழைய எட்டு மில்லிமீட்டருக்கு நொடிக்கு 16, சூப்பர் எட்டுக்கு 18 என்று வேகத்தை வை. செல்போனில் திரையைப் பதிவு செய்ய ஆசைப்பட்டால், மூன்று தகடு ஷட்டர் உள்ள கருவியில் வேகத்தை 16-க்கும் 17-க்கும் இடையில் கொண்டு வா. நொடிக்கு ஐம்பது மின்னலாகும். போனில் நொடிக்கு 25 சட்டகம் என்று வைத்துக்கொண்டு, குமிழை மயிரிழையாகத் திருப்பிப் பார். கறுப்புப் பட்டைகள் நகர்வது நின்றதும் பதிவைத் தொடங்கு.

அன்புடன்,
அண்ணன்